விசுவாசத்தை அடகு வைத்தவர்கள்

அரங்கத்தைப் பெருக்கித் துடைத்த ரசிகர்களுக்கு அன்று இரவே கிளப் இல்லாமல் போனது. டிராமில் அரை மணி தூரத்தில், அதே 2019இல், இன்னொரு கிளப் இங்கிலாந்தின் மூன்று பெரிய உள்நாட்டுக் கோப்பைகளையும் அள்ளிக்கொண்டது. இரண்டு தரப்பு ரசிகர்களும் கத்தியது ஒரே மாதிரிதான். பலன்தான் வேறு.

2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை காலை. வடக்கு இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய பெரி என்ற சிறு நகரம். கிக் லேன் கால்பந்து அரங்கத்துக்குள் துடைப்பம், வாளி, குப்பைப் பைகளோடு கூட்டம் கூட்டமாக ஆட்கள் நுழைகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள், விடுப்பு எடுத்தவர்கள், பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள். யாரும் கூலிக்கு வரவில்லை. சனிக்கிழமை டான்காஸ்டர் ரோவர்ஸ் அணியோடு ஆட்டம். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி இருந்த கிளப்பில் இருக்கைகளைத் துடைக்க ஆளில்லை. கிளப்பை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது, மாலை 5 மணிக்குள் கையெழுத்தாகிவிடும் என்று பேச்சு. கையெழுத்தாகும்போது அரங்கம் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

மதியத்துக்குப் பின் அந்த நிறுவனம் பின்வாங்கியது. இரவு பதினொரு மணி வாக்கில் இங்கிலாந்து கால்பந்து லீக் நிர்வாகம் அறிவித்தது: பெரி கால்பந்து கிளப் நீக்கப்படுகிறது. 1885இல் தொடங்கி, 1894 முதல் லீகில் ஆடிவந்த கிளப். 1992இல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் வெளியேறிய பிறகு இப்படி ஒரு கிளப் லீகை விட்டுப் போவது இதுவே முதல்முறை.

துடைத்த இருக்கைகளில் உட்கார ஆட்டம் இல்லை.

ஒரு பவுண்டு

பெரி தோற்றுப்போய் அழியவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நான்காம் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் வீரர்கள் ஆடி வாங்கிக்கொடுத்த உயர்வு அது. மைதானத்தில் ஜெயித்துக்கொண்டிருந்த கிளப்பைக் கணக்குப் புத்தகம் கொன்றது.

முந்தைய உரிமையாளர் காலத்திலேயே அரங்கம் அடமானத்துக்குப் போயிருந்தது. வாகன நிறுத்துமிடத்தைக்கூட இடம் இடமாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். விலை ஒரு பவுண்டு. கடன்களும் கூடவே வந்தன என்பதால்தான் அந்த விலை. கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்பதற்கான சான்று, உரிமை கைமாறிய பின்னும் லீகிடம் போய்ச் சேரவில்லை. அந்த ஊருக்குப் போனதில்லை, அங்கே ஒரு கால்பந்து அணி இருப்பதே தெரியாது என்று வானொலிப் பேட்டியில் டேலே சொன்னார். ஊர்க்காரர்களுக்குக் கடனைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வலித்திருக்கும்.

இங்கே ரசிகர் என்பவர் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வடக்கு இங்கிலாந்தில் கிளப்பை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. தாத்தா கூட்டிப்போனார், அப்பா கூட்டிப்போனார், நானும் போகிறேன், அவ்வளவுதான். நமக்குக் குலதெய்வம் மாதிரி. கோபம் வந்தால் நாலு வருஷம் கோயில் பக்கம் போகாமல் இருக்கலாம். பக்கத்து ஊர்ச் சாமி அதிகம் வரம் தருகிறது என்று குலதெய்வத்தை மாற்ற முடியாது. சோப்பு பிடிக்கவில்லையென்றால் வேறு சோப்பு வாங்குகிறோம். பெரி ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. கடைக்காரன் என்ன செய்தாலும் வாடிக்கையாளர் போகமாட்டார் என்பது உறுதியான ஒரு வியாபாரம் உலகத்தில் உண்டென்றால், அது இதுதான். இதைத் தெரிந்தே சிலர் கிளப் வாங்க வருகிறார்கள்.

பெரி மேலே, சிட்டி கீழே

நம்மூரில் நள்ளிரவு வரை விழித்து மான்செஸ்டர் சிட்டி ஆட்டம் பார்க்கும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1998-99 சீசனில் பெரி, சிட்டியைவிட ஒரு பிரிவு மேலே இருந்தது.

அதற்கு முந்தைய சீசனில் இரண்டும் இரண்டாம் பிரிவில் ஆடின. 1998 பிப்ரவரியில் சிட்டியின் சொந்த அரங்கமான மெய்ன் ரோட்டிலேயே பெரி 1-0 என்று ஜெயித்தது. அந்த சீசன் முடிவில் பெரி தப்பித்தது. சிட்டி மூன்றாம் பிரிவில் விழுந்தது. விழுந்த பிறகும் மெய்ன் ரோட்டுக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். பட்ட காலிலே படும் என்று தெரிந்தே டிக்கெட் வாங்கியவர்கள். அணி எதையாவது சொதப்பினால் 'டிபிக்கல் சிட்டி' என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வது அவர்கள் வழக்கம்.

1999 மே 30, வெம்ப்ளி. உயர்வுக்கான இறுதி ஆட்டத்தில் ஜில்லிங்ஹாம் அணியிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தது சிட்டி. 90 நிமிடம் ஆகப்போகிறது. பொறுமையிழந்த ரசிகர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். கெவின் ஹார்லாக் ஒரு கோல் போட்டார். 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட ஐந்தாம் நிமிடத்தில் பால் டிக்காவ் இன்னொன்று. கேலரிக்கு வெளியே சத்தம் கேட்டுப் படிகளில் திரும்பி ஓடிவந்தவர்கள் ஏராளம். டிக்காவின் பந்தைத் தடுக்க முடியாமல் போன கோல்கீப்பர் வின்ஸ் பார்ட்ரம், டிக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். பெனால்டியில் சிட்டி ஜெயித்தது.

அதே மாதம் பெரி மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. போர்ட் வேலும் பெரியும் தலா 47 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பெரிதான் மேல். ஆனால் அப்போதைய விதிப்படி போட்ட கோல்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அதில் போர்ட் வேல் அதிகம். இன்று நடந்திருந்தால் பெரி பிழைத்திருக்கும்.

ஏணியில் ஒருவர் ஏறியபோது இன்னொருவர் இறங்கினார். அப்போதுகூட இரண்டுக்கும் இடைவெளி எட்டிப்பிடிக்கும் தூரம்தான். 2008 செப்டம்பர் 1ஆம் தேதி அபுதாபி அரச குடும்பத்தின் ஷேக் மன்சூரின் நிறுவனம் சிட்டியை வாங்கும் செய்தி வந்தது. அன்றைக்கே 3.25 கோடி பவுண்டுக்கு பிரேசில் வீரர் ரொபின்யோ வந்து சேர்ந்தார். பெரிக்கு எந்த ஷேக்கும் வரவில்லை.

பெட்டிச் செய்தி: ஒரே ஸ்கோர், இரண்டு கிளப்

எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மிகப் பெரிய வெற்றி 6-0. 1903இல் டெர்பி கவுன்ட்டியை அப்படித் தோற்கடித்தது பெரி. அந்த ஆண்டுக் கோப்பையில் பெரி ஒரு கோல்கூட வாங்கவில்லை. 1900இலும் பெரிதான் கோப்பையை வென்றிருந்தது.

116 ஆண்டுகள் கழித்து 2019 மே 18இல் அந்தச் சாதனையைச் சமன் செய்தது மான்செஸ்டர் சிட்டி. எதிரணி வாட்ஃபோர்ட், ஸ்கோர் 6-0. நூற்றொரு நாள் கழித்து, அந்தச் சாதனையின் இன்னொரு சொந்தக்காரர் லீகிலேயே இல்லை.

பணக்கார ரசிகனுக்கு என்ன கவலை?

இருக்கிறது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இருக்கிறது.

சிட்டி ரசிகர்கள் முப்பத்தைந்து வருடம் பட்ட அவமானம் சாதாரணமானதல்ல. 1976க்குப் பிறகு ஒரு பெரிய கோப்பையும் கிடையாது. பங்காளி மான்செஸ்டர் யுனைடெட்டின் அரங்கத்தில் அந்த வருடங்களை எண்ணிக் காட்டும் பேனர் ஒன்றைத் தொங்கவிட்டு, ஆண்டுதோறும் எண்ணை மாற்றுவார்கள். 2011இல் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது 35 என்ற எண்ணோடு அந்தப் பேனர் இறங்கியது. மறு ஆண்டு மே 13இல் கடைசி நிமிடங்களில் அகுவேரோ போட்ட கோலில் லீக் பட்டம். 2023இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தோடு மூன்று கோப்பை.

இப்போது அவர்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்வது, பணம் கொடுத்து வாங்கிய வெற்றி. 2023 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாகப் பிரிமியர் லீக் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது; கிளப் மறுத்துவருகிறது. மெய்ன் ரோட்டில் நனைந்த பழைய ரசிகருக்கு இது ஒரு விசித்திரமான நிலைமை. அவர் ஷேக்கை அழைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை அவர் எழுதவில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உலகெங்குமிருந்து வரும் புதிய ரசிகர்களுக்காக டிக்கெட் முறை மாறும்போது முதலில் நெருக்கப்படுவதும் அவர்தான். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி லெஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தில், டிக்கெட் மறுவிற்பனை நிறுவனம் ஒன்றோடு கிளப் கைகோத்ததை எதிர்த்து ஒரு பகுதி ரசிகர்கள் முதல் 9 நிமிடம் உள்ளே போகாமல் வெளியே நின்றார்கள். இரண்டாம் நிமிடத்திலேயே ஜாக் கிரீலிஷ் கோல் போட்டுவிட்டார். அதைப் பார்க்காமல் நின்றார்களே, அது எளிதான காரியமில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் கதை தெரிந்ததுதான். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. வெறுத்துப்போன ரசிகர்களில் ஒரு பிரிவினர் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று தனிக் கிளப்பே தொடங்கிவிட்டார்கள். 2024 நவம்பரில் சீசன் நடுவே மீதமிருந்த டிக்கெட்டுகளுக்குச் சிறுவர், முதியவர் சலுகையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 66 பவுண்டு என்றது கிளப். பேரனோடு வந்த தாத்தா 132 பவுண்டு எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

ஆனால் பெரி ரசிகரின் துயரத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. காரணம் அடுத்து வருகிறது.

77ஆவது நிமிடம்

2016 பிப்ரவரி 6, லிவர்பூல். புதிய கேலரியில் டிக்கெட் விலையை 77 பவுண்டு வரை உயர்த்தப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. சன்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 2-0 என்று லிவர்பூல் முன்னிலை. சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். கூட்டம் குறைந்த அரங்கத்தில் சன்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையுயர்வைக் கைவிட்டார்கள்.

2021 ஏப்ரல் 18. இங்கிலாந்தின் ஆறு பணக்காரக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனி வீடு கட்டிக்கொண்டு போவதாக அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். பிரதமர் பேசினார். 48 மணி நேரத்துக்குள் ஆறும் பின்வாங்கின.

2019இல் பெரியின் முன்னாள் இயக்குநர் ஒருவர், ஒரு பெண்மணி, கிக் லேன் அரங்கத்தின் மழைநீர்க் குழாயில் சங்கிலியால் தன்னைக் கட்டிக்கொண்டு போராடினார். எதுவும் நடக்கவில்லை.

பணக்காரக் கிளப்பின் ரசிகர் வெளியேறினால் காலி இருக்கை உலகத் தொலைக்காட்சியில் தெரியும். விளம்பரதாரர் போன் செய்வார். பெரி ரசிகர் வெளியேறினால் கிளப் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் சாகும். அவருக்குப் போராட்டம் என்ற ஆயுதமே கிடையாது. அதனால்தான் துடைப்பம் எடுத்தார்.

2025 அக்டோபரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே ரசிகர்கள் துணிந்து அந்த ஆயுதத்தையும் எடுத்தார்கள். 1867இல் பிறந்த கிளப். சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதம். உரிமையாளருக்கு ஒரு பைசா தரமாட்டோம் என்று சொந்த அரங்கத்தில் நடந்த ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். இரண்டு நாளில் கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போய், தண்டனையாக 12 புள்ளிகளும் பறிபோயின. அந்தச் செய்தி வந்ததும் ரசிகர்கள் கிளப் கடைக்கு ஓடி வரிசையில் நின்று ஜெர்சியும் டிக்கெட்டும் வாங்கினார்கள். புள்ளி போனதற்குக் கொண்டாட்டம்! வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம். உள்ளே இருப்பவருக்கு, வீடு திரும்பக் கிடைத்தது.

கென்ட் பல்கலைக்கழகத்தின் மார்த்தா நியூசன் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 700க்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் கேள்வி கேட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் போன்ற வெற்றிக் கிளப்புகளின் ரசிகர்களைவிட, ஹல், நார்விச், சன்டர்லாந்து, கிறிஸ்டல் பேலஸ் போன்ற, தோல்வி அதிகம் பார்த்த கிளப்புகளின் ரசிகர்கள் தங்களுக்குள் நெருக்கமாக இருந்தார்கள். சக ரசிகருக்காக எதையும் விட்டுத்தரவும் அவர்கள்தான் அதிகம் முன்வந்தார்கள். சேர்ந்து பட்ட அடி அவர்களை உறவாக்கிவிடுகிறது. ஆய்வு அத்தோடு நிற்கிறது. என் பார்வையில், இதே உறவைத்தான் மோசமான உரிமையாளர்கள் செலவில்லாத முதலீடாகப் பார்க்கிறார்கள்.

கோழி வந்த ஆட்டம்

பணம் இருந்தால் போதுமா என்ற கேள்விக்குப் பதில், பெரிக்கு வடக்கே அதிக தூரமில்லாத பிளாக்பர்னில் இருக்கிறது. இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு.

பிளாக்பர்ன் ரோவர்ஸை உயர்த்தியவர் ஜாக் வாக்கர், உள்ளூர் இரும்புத் தொழிலதிபர். அவர் பணத்தில் 1995இல் பிரிமியர் லீக் பட்டமே வந்தது. ஆக, சிட்டிக்கு முன்பே பணம் பட்டம் வாங்கியிருக்கிறது. ஊர்க்காரர் பணம் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. 2010 நவம்பரில் புனேயின் கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸ் சுமார் 2.3 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. அடுத்த மாதமே அனுபவசாலிப் பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழி சாப்பிடுவதாக ஒரு விளம்பரம் வந்தது. ரசிகர்கள் சிரிக்கவில்லை. 2012 மே மாதம் மழையில் நடந்த விகன் ஆட்டத்தில், கிளப் நிறத்தில் துணி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்தில் விட்டார்கள். அன்றே பிளாக்பர்ன் பிரிமியர் லீகிலிருந்து இறங்கியது. 2017இல் மூன்றாம் பிரிவு. பிரிமியர் லீகை வென்ற ஒரு கிளப் அந்த அளவு விழுந்தது அதுவே முதல்முறை. ஒரே ஆண்டில் திரும்பி வந்தது வேறு விஷயம்.

வெங்கீஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் வரும் நஷ்டத்தை அவர்கள்தான் கட்டிவந்தார்கள். பெரிக்கு நேர்ந்தது பிளாக்பர்னுக்கு நேரவில்லை. ஆனால் முதலாளி ஊருக்கே வராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? ரசிகர்களின் கோபம் பணத்தைப் பற்றியதே இல்லை.

இரண்டாகப் பிளந்த ஊர்

நீக்கத்துக்குப் பிறகு பெரியில் நடந்தது, இந்தக் கதையிலேயே மிகவும் கசப்பான பகுதி.

சனிக்கிழமை மதியம் போவதற்கு இடமில்லை. சிட்டிக்குப் போகலாமே, பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவினர் 2019இலேயே 'பெரி ஏ.எஃப்.சி.' என்ற புதுக் கிளப்பை, ரசிகர்களே உரிமையாளர்களாகத் தொடங்கினார்கள். சொந்த மைதானம் கிடையாது. பக்கத்து ராட்கிளிஃபில் இடம் கேட்டு வாங்கி, பத்தாம் பிரிவில் ஆடினார்கள். இன்னொரு பிரிவினர், பழைய கிளப் சட்டப்படி இன்னும் சாகவில்லை, கிக் லேனை மீட்காமல் புதுக் கிளப் எதற்கு, அது துரோகம் என்றார்கள். பல வருடம் ஒரே கேலரியில் அருகருகே நின்றவர்கள் பேசாமல் போனார்கள். ஜெயிக்கிற கிளப்பில் ரசிகர்கள் சண்டை போடுவது யாரை வாங்குவது, யாரை விற்பது என்று. இவர்கள் சண்டை, எது நம் கிளப் என்று.

2022இல் அரசின் சமூக உரிமை நிதியும் நகராட்சிப் பணமும் ரசிகர்கள் திரட்டியதும் சேர்ந்து கிக் லேன் வாங்கப்பட்டது. இரண்டு தரப்பும் இணைவதற்கு அக்டோபரில் வாக்கெடுப்பு. இரு சங்கங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. ஒன்றில் கொஞ்சம் குறைந்து தோற்றது. சாவி கையில், அரங்கம் கண்முன், ஆனால் உள்ளே ஆட முடியாது. 2023 மே மாதம் மறுபடியும் வாக்களித்தார்கள். இந்த முறை இணைந்தார்கள். அடுத்த சீசனில் பெரி எஃப்.சி. என்ற பழைய பெயரோடு கிக் லேனில் பந்து உருண்டது, ஒன்பதாம் பிரிவில். 2025இல் அந்தப் பிரிவை வென்று எட்டாம் பிரிவுக்கு உயர்ந்தார்கள்.

எட்டிலிருந்து நான்காம் பிரிவுக்கு, அதாவது 2019இல் சம்பளமில்லாமல் ஆடித் தாண்டிய அதே இடத்துக்குப் போக, இன்னும் நான்கு உயர்வு வேண்டும்.

பெட்டிச் செய்தி: ரசிகருக்கு ஒரு சட்டம்

2025 ஜூலை 21இல் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. ஆடவர் கால்பந்தின் முதல் ஐந்து பிரிவுகளுக்குச் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு. கிளப் நடத்த உரிமம் வேண்டும். வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். சொந்த அரங்கத்தை அனுமதியின்றி விற்கவோ இடம் மாறவோ முடியாது. சின்னம், நிறம் போன்றவற்றில் ரசிகர்களைக் கேட்க வேண்டும். சூப்பர் லீக் போன்ற தனிக் கூட்டுகளில் சேரத் தடை.

ஜெர்மனியில் இதற்கும் முந்தைய வழி ஒன்று உண்டு. 50+1 விதிப்படி, சில விதிவிலக்குகள் தவிர, வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்கும்.

பிரிட்டனின் இந்தச் சட்டத்துக்குப் பெரி காரணம் என்று இங்கிலாந்தில் எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. பெரி விழுந்தது 2019 ஆகஸ்டில். ரசிகர்கள் தரப்பிலிருந்து கால்பந்தை ஆராயும் குழுவை அரசு அமைத்தது 2021 ஏப்ரலில், ஆறு பணக்காரக் கிளப்புகள் ஓடப்பார்த்த அதே வாரத்தில். ஏழை கிளப் செத்தபோது அனுதாபம் வந்தது. பணக்காரக் கிளப்பின் ரசிகர்கள் கோபப்பட்டபோது சட்டம் வந்தது.

கோவையில் ஒரு சாம்பியன்

இதெல்லாம் எங்கோ இங்கிலாந்தில் என்று பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு தேதி: 2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி ஐ-லீக் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் அந்த ஆண்டுதான் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 2021-22 ஐ-லீகில் அந்த அணி இல்லை. சாம்பியன் ஆன மூன்றே ஆண்டில் காணாமல் போனதைப் பற்றி எந்த நாடாளுமன்றக் குழுவும் விசாரிக்கவில்லை. இங்கே ரசிகர் சங்கத்துக்குக் கிளப்பில் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது.

அந்த மார்ச் மாதம் கோவை அரங்கத்தில் இருந்தவர்கள், அணி போன பிறகு சனி, ஞாயிறுகளில் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.